தரையில் உரசும் கதவு

அன்புள்ள மருமகளுக்கு,

உங்கள் அறைக் கதவை இன்று காலை நிலவரப்படி முழுதாகச் சாத்த முடியவில்லை. நானே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மேல் கீல் பிய்ந்து, திரும்ப மாட்டப்பட்டிருக்கிறது. மாட்டியவன் உன் கணவன். பிய்த்தவனும் அவன்தான்.

வியாழக்கிழமை கடையிலிருந்து வந்ததும் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "நான் மாறிட்டேன்னு ஒரு வரி எழுதுங்கப்பா. நான் சொன்னா அவ நம்ப மாட்டா, நீங்க எழுதினா நம்புவா" என்றான். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன் என்றேன். "ரிட்டையர் ஆகியும் அந்தப் பத்திரிகை புத்தி போகலையே. பெத்த பிள்ளைக்குமா சாட்சி கேப்பீங்க?" என்று எழுந்து போனான். அடுத்து கதவு பிய்ந்த சத்தம். குழந்தை எதிரில் அவன் உன்மேல் தட்டை எறிந்த நாள் உன் அத்தைக்கு நினைவு வந்துவிட்டது போல. கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

முன்பெல்லாம் இதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது உனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் நீதான் காரணம் என்பான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். இந்த முறை கொஞ்ச நேரத்தில் சமையலறை வாசலுக்கு வந்து, "அம்மா, ஸ்க்ரூடிரைவர் எங்க?" என்று கேட்டான். "உங்கப்பா மண்டையில ஒண்ணு கழண்டிருக்கு, அதை முடுக்கிட்டுத் தர்றேன்" என்றாள் உன் அத்தை. பிள்ளைக்காக ஒரு வரி எழுதினால் நான் குறைந்தா போய்விடுவேன் என்று அவளுக்குக் கோபம்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கடுகளவு திருகைக்கூடப் பொறுமையாக மாட்டுகிறவன்தான். கதவு அவனுக்குப் பிடிபடவில்லை. தரையில் உரசுகிறது. வியர்த்து வழிய அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். மனநல மருத்துவரிடம் யாரும் சொல்லாமலே போய் வருகிறான். ஒரு தடவை போகாமலே போனதாகச் சொன்னான். பிறகு தானாகவே வந்து, பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டான். கோபம் வந்தால் வெளியே போய் நடக்கச் சொல்லியிருக்கிறார்களாம். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிறான். நாங்கள் கை காய உட்கார்ந்திருக்கிறோம். எதிர்வீட்டு அம்மா உன் அத்தையிடம், "பிள்ளையைச் சாப்பிடக்கூட விடாம விரட்டுறாரே உங்க வீட்டுக்காரர்!" என்று வருத்தப்பட்டாராம். கேட்டு நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாயிற்று.

களைப்பாக இருக்கிறதம்மா. அவன் முழுக்க முரடனாக இருந்தபோது அவன்மேல் கோபப்பட்டாவது தீர்த்துக்கொள்ள முடிந்தது. இப்போது ஒரு வேளை போல் இன்னொரு வேளை இல்லை. அவன் செருப்புச் சத்தத்தை வைத்து, வருவது எந்த ஆள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறோம். அவனுக்கும் களைப்புதான், பார்த்தாலே தெரிகிறது.

மறுநாள் காலை, கதவு விஷயத்தை மட்டும் எழுத வேண்டாம் என்று கெஞ்சினான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். "எழுதிடுங்கப்பா. வந்து பாத்துத் தெரிஞ்சுக்கிறதைவிட இப்பவே தெரியட்டும்" என்றான். அதனால் இது அவன் சம்மதத்தோடு எழுதியது. கடிதத்தை அவன் படிக்கவில்லை.

நம் வாலுக் குழந்தையை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதா, இங்கே கூட்டிவருவதா என்று கேட்டிருந்தாய். அங்கேயே சேர்த்துவிடு. இதை எழுத என் கை எவ்வளவு தயங்கியது என்பதை உன் அத்தையைக் கேட்டால் சொல்வாள். அவன் மாறிவிட்டான் என்று என்னால் எழுத முடியவில்லை. மாறவே மாட்டான் என்றும் எழுத முடியவில்லை. என் கையில் இருக்கும் செய்தி இவ்வளவுதான்.

தச்சர் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்தச் சனிக்கிழமை என்பது அவருக்கே வெளிச்சம். வருகிற புதன்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறான், இதுதான் முதல் தடவை. மருத்துவர் என்ன சொல்கிறாரோ அதைக் கூட்டாமல் குறைக்காமல் வியாழக்கிழமை எழுதுகிறேன்.

அதுவரை நீயும் குழந்தையும் நன்றாகச் சாப்பிட்டு, பயமில்லாமல் தூங்குங்கள். படுக்கப் போகும்போது உள்தாழ்ப்பாளை ஒரு முறை சரிபார்த்துக்கொள், தாயே.

உன் நலம் நாடும்,
மாமா