நிலாவுக்குக் கொம்பு வைத்த கை

மாப்ள,

இன்று காலையில் உன் கேமராப் பையைத் திறந்தேன். முதலில் வந்தது அத்தர் வாசனை. அடுத்து வந்தது வண்டு. லென்ஸில் பூஞ்சை பிடிக்கக் கூடாதென்று நீ துணியில் முடிந்து போட்டிருந்த அரிசி மூன்று வருஷத்தில் பாதி மாவாகி, அதற்குள் ஒரு வண்டுக் குடும்பமே குடியேறியிருந்தது. "கேமராவுக்குச் சோறு போட்டுட்ட, குழம்பு எப்ப ஊத்துவ?" என்று அந்தக் காலத்தில் கேட்டேன். நீ சிரிக்கவில்லை. என் பகடிக்கு நீ சிரித்த நாள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மிச்ச விரல்களை வைத்துத்தான் உன் படத்தைக் கெடுத்தேன்.

பையைக் கொடுத்தது உங்க அத்தா. பெற்ற பிள்ளை நீ போன பிறகு பீரோவில் பூட்டி வைத்தவர், நேற்று என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நிலாவும் வெள்ளியும் வியாழனும் திரும்ப ஒண்ணா நிக்கப்போகுதாம்ல? அம்புட்டு ஆசப்பட்டான்ப்பா. நீ எடுத்துக் குடு, சட்டம் போட்டு மாட்டிக்கிறேன்" என்றார். நான் பையைத் தோளில் மாட்டும்போது, "அன்னைக்குன்னு பாத்து மேகம் மறச்சிருச்சுன்னு வந்து சொன்னான், பாவம்" என்றார்.

மேகமா?

அன்றைக்கு வானத்தில் பஞ்சளவுகூட மேகம் இல்லை. நமக்குப் பதினாலு வயது. பரவைக் கண்மாய்க் கரையில் ஸ்டாண்டை ஊன்றிவிட்டு நீ பரபரத்துக்கொண்டிருந்தாய். நாகமலைக்கு மேலே வெள்ளி, அதற்கு மேலே பிறை, அதையும் தாண்டி வியாழன். "வெளிச்சமா இருந்தா கோள் தெரியாது, இருட்டிட்டா கரை தெரியாது. நடுவுல இருவது நிமிசந்தான்டா" என்றாய். பொத்தானை அமுக்கினால் கேமரா ஆடுமென்று டைமர் வைத்தாய். சிவப்பு விளக்கு மினுக்கி, இரண்டு விநாடி கண் திறந்து மூடும். விளக்கு மினுக்கும்போதெல்லாம் நான் லென்ஸுக்கு முன்னால் இரண்டு விரலை நீட்டி நிலாவுக்குக் கொம்பு வைத்தேன்.

முதல் தடவை நீயும் சிரித்தாய். அஞ்சாவது தடவை, "டேய், கைய எடுறா" என்றாய். பத்தாவது தடவை உன் குரல் உடைந்திருந்தது. அது எனக்கு இன்னும் வேடிக்கையாக இருந்தது. மொத்தம் பதினாலு படம். அதற்குள் இருட்டிவிட்டது.

"விடு மாப்ள, நிலா எங்க ஓடிரப்போகுது? நாளைக்கு எடுப்போம்."

நீ கையை நீட்டி, விரல்களை முட்டியாக மடக்கி, வானத்தோடு வைத்துக் காட்டினாய். "ஒரு நாளைக்கு இம்புட்டுத் தூரம் நகந்துரும்டா. நாளைக்கு நிலா இதுகளோட இருக்காது."

நான் நம்பாமல் மறுநாள் உன்னை இழுத்துக்கொண்டு போனேன். கோள் இரண்டும் இருந்த இடத்தில் இருந்தன. நிலா மட்டும் அவற்றை விட்டுவிட்டு மேலே போய் நின்றது. நீ திட்டவில்லை. "அடுத்த தடவ வரும்போது கைய வீட்ல வச்சுட்டு வா" என்றாய்.

கோடை லீவு முடிவதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, பத்தாம் நாள் நீ இல்லை. நாலாம் நாள் வந்து, "போயும் போயும் ஒரு கொசுகிட்டயாடா தோத்த?" என்றேன். அதற்கு நீ சிரித்தாய். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதற்குப் போய்ச் சிரித்தாய்.

அதற்கு முந்தின வருஷம், நோன்பின் கடைசியில் உங்கள் மொட்டை மாடியில் எல்லாரும் பிறை தேடிக்கொண்டிருந்தபோது, "அந்தா!" என்று நான் ஏமாற்றியது நினைவிருக்கிறதா? ஒரு மாதம் நீ என்னோடு பேசவில்லை. "வானத்த வச்சுப் பொய் சொல்லாதடா. பாத்தேன்னு ஒருத்தன் சொன்னா ஊரே நம்பும்" என்றாய். அந்த நீ, என்னைக் காட்டிக் கொடுக்காமலிருக்க, இல்லாத மேகத்தை உன் அத்தாவிடம் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாய். மூன்று வருஷமாக அது எனக்குத் தெரியாது.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இன்று சாயங்காலம் அதே கரைக்குப் போனேன். இந்த முறை நிலாவும் கோள்களும் வடக்கே தள்ளி, திண்டுக்கல் ரோட்டு விளக்குகளுக்கு மேலே நின்றன. டைமரை அமுக்கிவிட்டுப் பத்தடி பின்னால் போய், கையை வீட்டில் வைத்துவிட்டு வர வழியில்லாததால், இரண்டு கைகளுக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டேன். முதல் படமே அப்படி வந்தது. பிறையின் இருண்ட பக்கம்கூட மங்கலாகத் தெரிந்தது. யாரும் கெடுக்காத படம். கெடுக்கவும் திட்டவும் யாருமே இல்லாத படம். பார்க்கச் சகிக்கவில்லை.

கேமராவை அப்படியே கொண்டுபோய் அத்தாவிடம் நீட்டினேன். "நல்லாருக்குப்பா" என்று சொல்லிக்கொண்டே எந்தப் பொத்தானையோ அமுக்கினார். பழைய படங்கள் வந்துவிட்டன. பிடுங்கவும் முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினாலாவது படத்தில் அவர் கை நின்றது.

அதை நான் பார்த்ததே இல்லை, மாப்ள. என் இரண்டு விரலும் கருகருவென்று அசையாமல் நிற்க, அவற்றைத் தட்டிவிட உன் கை வந்திருக்கிறது. அந்த இரண்டு விநாடிக்குள் வந்து போனதால் புகை மாதிரி கரைந்திருந்தது. உள்ளங்கைக்கு ஊடாக வியாழன் தெரிந்தது.

"இது அவன் கைதான?" அத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டு, உன் வாட்ச்சின் பச்சை வெளிச்சத்தை விரலால் தொட்டார். "நான் வாங்கிக் குடுத்த வாட்ச்சு. இதச் சட்டம் போட்டுக் குடுப்பா. இது போதும்."

கேமராவைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார்: "பக்கத்துல கொம்பு மாதிரி நிக்குதே, அது யாரு கை?"

எதற்கும் வாயில் பதில் வைத்திருப்பவன் நான். மேகம் என்று சொல்ல நீயும் இல்லை.

"தெரியலத்தா" என்றேன்.

நாளைக்கு அந்தப் படத்தைச் சட்டம் போடக் கொடுக்க வேண்டும். இனி உங்கள் வீட்டுச் சுவரில், உன் கைக்குப் பக்கத்தில், யாருடையது என்று தெரியாமலே என் கையும் தொங்கும். வரும் வழியெல்லாம் அந்தக் கையைக் கால்சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தேன். எழுதுவதற்குத்தான் வெளியே எடுத்தேன்.