மூன்றாவது மிதி

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே அனல். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பி ஏற்றும்போதே முதலாளி பிடித்துக்கொண்டார். பிக்கப் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர்தான் ஓடுகிறதாம். "பன்னெண்டு காட்டு. இல்லாங்காட்டி சாவிய குட்த்துட்டு போய்கினே இரு." எனக்கும் அந்தோணிக்கும் சேர்த்துத்தான். அந்தோணி என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி. என் பேச்சை நம்பித்தான் அவனுக்கு இன்னொரு பிக்கப்பைக் கொடுத்தார்.

செய்ய வேண்டியவை:
- டயர் காற்று, நாலும்
- ஏர் ஃபில்டர் தட்டணும். ஊர்த் துரு முழுக்க அதில்தான்
- தார்ப்பாய் படபடக்காமல் இறுக்கிக் கட்டு
- கன்டெய்னர் லாரி வரிசையில் நின்றால் இன்ஜின் ஆஃப்
- 45க்கு மேல் வேண்டாம்
- பாலம் இறக்கத்தில் நியூட்ரல், இன்ஜின் ஆஃப்

கடைசியது என் சொந்த மூளை. பழைய வேன்களில் பத்து வருடம் செய்தது. அந்தோணிக்கும் சொல்லிக் கொடுத்தேன். சாவியை உருவாதே, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் என்று எச்சரிக்கை வேறு. பெரிய வாத்தியார்.

ஜூன் 10, செவ்வாய்
மதியம், மணலி புதுநகர் லோடு. பாலம் இறக்கம், இன்ஜின் ஆஃப். முன்னால் ஷேர் ஆட்டோ. ஒரு மிதி, பிடித்தது. இன்னொன்று, பிடித்தது. கீழே குடத்தோடு ஒரு அம்மா குறுக்கே. மூன்றாவது மிதி. பெடல் கல். எழுந்து நின்று இரண்டு காலாலும் மிதித்தேன். கம்பி சறுக்கி வந்து கேபினை இடித்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்ததும் எப்படியோ நின்றது. அந்த அம்மாவுக்கும் பம்பருக்கும் ஒரு முழம்.
"கண்ணு இன்னா பொடனியிலயா கீது, பேமானி!"
அவர் திட்டத் திட்ட எனக்கு நிம்மதி. உயிரோடு இருப்பவர்தானே திட்ட முடியும்.
பிறகு நிறுத்தி வைத்து மிதித்துப் பார்த்தேன். அதேதான். இன்ஜின் ஓடினால்தான் இந்த வண்டி பிரேக்குக்குப் பலம். ஆஃப் செய்தால் இரண்டு மிதி, அவ்வளவுதான். ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. யாரிடமும்.

ஜூன் 11, புதன்
முதலாளி டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பிக் கணக்குப் பார்த்தார். அந்தோணி பதின்மூன்று! நான் பதினொன்று. "மச்சான பாத்து கத்துக்க," என்றார்.
அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். பாதிதான் வாயில் வந்தது. "பாலத்துல ஆஃப் பண்ணாத மச்சான். பிரேக்கு கொஞ்சம் இறுகுது."
"இன்னா மாமா, நான் மிதிச்சி பாத்துகினுதான கீறேன். சூப்பரா புடிக்குது."
ஒன்று, இரண்டு மிதித்திருப்பான். மூன்றாவது இன்னும் தேவைப்படவில்லை.
முழுசாகச் சொன்னால் முதலாளி காதுக்குப் போகும், என் சாவி போகும். ஸ்டெல்லாவுக்கும் தெரிந்துவிடும். எல்லாம் சாக்கு. பயம். வேறொன்றுமில்லை.

ஜூன் 12, வியாழன்
மழை. ரோடெல்லாம் வழுக்கல். அந்தோணிக்கு நாள் முழுக்க எண்ணூர் லோடு, வழியில் பாலம். காலடிப்பேட்டை அருகே கூட்டம், ஆக்சிடென்ட் என்றார்கள். வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடினேன். யாரோ சைக்கிள்காரர், முட்டியில் சிராய்ப்பு. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "அவரு உனக்கு இன்னா ஓணும்பா?" என்று கேட்டார்கள்.
சாயங்காலம் ஸ்டெல்லா: "மூஞ்சி இன்னா பேஜாரா கீது?" தலைவலி என்றேன். தம்பிக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள்.

ஜூன் 13, வெள்ளி
காலை ஆறு, லோடு ஏறும் முன். அந்தோணியை அவன் வண்டியிலேயே உட்கார வைத்தேன். இன்ஜின் ஆஃப்.
"மிதி." மிதித்தான். "இன்னொண்ணு." சிரித்தான். "இன்னொண்ணு."
சிரிப்பு நின்றது. எழுந்து நின்று மிதித்தான். பெடல் இறங்கவில்லை.
"இது உனக்கு எப்ப தெரியும் மாமா?"
செவ்வாய் மதியம் என்றேன். குடத்தோடு வந்த அம்மாவையும் சொன்னேன்.
விரல் விட்டு எண்ணினான்.
"அதுக்கப்புறம் பதினோரு வாட்டி எறங்கிகீறேன் மாமா. நேத்து மழையில மட்டும் நாலு."
சாயங்காலம் மார்க்கெட் கேட்டில் எதிரே வந்தான், ஒரு வண்டிக்குத்தான் வழி. கண்ணாடியை இறக்கினான். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
"வண்டிய ஓரங்கட்டுங்க டிரைவரே," என்றான்.