இடது காதில் விழாத சீறல்

ஐப்பசி 9, சனி

காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை.

கார் மறுபடியும் உதறல். ஓடும்போது ஒன்றும் இல்லை. சிக்னலில் நின்றால் ஸ்டியரிங், கண்ணாடி எல்லாம் நடுக்கம். போன வாரமே பிளக் மாற்றியாயிற்று. பயனில்லை. மில்லில் எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் கண்டுபிடித்துவிடுகிறேன், இது பிடிபடவில்லை.

செல்வியின் தம்பி முருகேசனுக்குப் போன். சேத்தூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். "நாளைக்கு வாரேன் அத்தான். நீங்க எதையும் கழட்டிராதிய."

தேங்காய் வாங்க மறந்துவிட்டேன். செல்விக்குக் கோபம்.

ஐப்பசி 10, ஞாயிறு

மழை இல்லை. முருகேசன் வந்தான். எஞ்சினை ஓடவிட்டு, ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை எஞ்சினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டின் ஓரமாக நகர்த்தினான். ஓரிடத்தில் நிறுத்தினான்.

"இந்தா, கேஸ்கெட் போயிட்டு. காத்து இழுக்குது. கேளுங்க."

இடது காதில் வைத்தேன். ஒன்றும் இல்லை.

"பாம்பு சீறுத மாதிரி சீறுதே அத்தான்!"

விளையாடுகிறான் என்று நினைத்தேன். அதே இடத்தில் கிளீனர் ஸ்பிரே அடித்தான். அதை உள்ளே இழுத்ததும் எஞ்சின் வேகம் சட்டென்று மாறியது. ஆக, கசிவு உண்மை.

குழாயை வலது காதுக்கு மாற்றினேன். ஸ்ஸ்ஸ். அவ்வளவு தெளிவு. மறுபடி இடது. ஒன்றுமே இல்லை. வலது. இடது.

குழாயைத் திருப்பிக் கொடுத்தேன். முருகேசன் எஞ்சினை அணைத்துவிட்டு என்னையே பார்த்தான். வாசலில் செல்வி.

பிறகு வேலை. மேனிஃபோல்டைக் கழற்றினோம். இடுக்கை அடைக்கும் பழைய கேஸ்கெட் அட்டை கருகி, ஒரு மூலை பிய்ந்து. சுரண்டிச் சுத்தம் செய்து, அவன் கொண்டுவந்த புதியதை வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். ஸ்டார்ட். உதறல் போயே போய்விட்டது. அவன் சிரித்தான். எனக்கு வரவில்லை.

சாப்பிடும்போது செல்வி வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"கூமாப்பட்டி கல்யாணத்துக்குப் போயிட்டு வரும்போது கார்ல ஒண்ணு சொன்னேனே?"

"என்னது?"

"முதுகு வலி தாங்கல, பேண்டேஜ் கம்பெனி வேலைய விட்டுருதேன்னு. நீங்க ரோட்டயே பாத்துக்கிட்டு இருந்திய. பிடிக்கல போலன்னு நெனச்சேன்."

அந்தக் கல்யாணம் தை மாதம். இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். காரில் அவள் எப்போதும் எனக்கு இடது பக்கம். பேசாமல் வருகிறாள் என்றல்லவா இருந்தேன்.

ஐப்பசி 11, திங்கள்

லீவு. நல்ல வெயில். செல்வியோடு ஸ்ரீவில்லிபுத்தூர் காது டாக்டரிடம். சின்ன அறை, ஹெட்போன். சத்தம் கேட்டால் கை தூக்க வேண்டும். வலது முடிந்தது. இடதுக்கு இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று காத்திருந்தேன். சோதனை செய்த பெண் கதவைத் திறந்து, "முடிஞ்சிட்டு சார்" என்றாள்.

டாக்டர்: "மில் சத்தம் மட்டும்னா ரெண்டு காதும் போயிருக்கும். ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். போனது திரும்புறது கஷ்டம்."

வெளியே வந்ததும், "வேலைய விட்டுரு" என்றேன். செல்வி சாவியை வாங்கிக்கொண்டாள். லைசென்ஸ் எடுத்ததோடு சரி, ஓட்டியதில்லை.

"நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க."

உட்கார்ந்தேன். வலது பக்கம் அவள். மெதுவாகத்தான் ஓட்டினாள், பின்னால் லாரிக்காரன் ஹாரன். பேசிக்கொண்டே வந்தாள். கம்பெனியில் சூப்பர்வைசர் ஏசியது, அவள் அக்கா பேசாமல் போனது, நான் காரணமே இல்லாமல் கோபமாயிருக்கிறேன் என்று நினைத்து இவள் அழுதது. அம்புட்டும் கேட்டது.

ராஜபாளையம். வீட்டுக்குத் திரும்பும் தெரு வந்ததும் வேகத்தைக் குறைத்தாள்.

"திரும்பாத. நேராப் போ. நீ பேசிக்கிட்டே வா" என்றேன்.