மண்டப வாசலில் இரண்டு பிளக்ஸ்

ஞாயிறு இரவு, காரிமங்கலம்

விடிந்தால் எனக்குக் கல்யாணம். தூக்கம் வரவில்லை.

சாயங்காலம் மண்டப வாசலில் அண்ணன் தன் அபிமான நடிகரின் படம் போட்ட கல்யாண பிளக்ஸைக் கட்டியிருந்தான். மாப்பிள்ளையின் நண்பர்கள் வந்து, அதை மறைத்துத் தங்கள் நடிகரின் பிளக்ஸைக் கட்டிவிட்டார்கள்.

"கண்ணாடியக் கழட்டி மாட்டறதுதான் உங்காளு நடிப்பாடா?" என்று அண்ணன் கத்தினான்.

"உங்காளு அழுதா தியேட்டரே சிரிக்குது, மொதல்ல அதப் பாருங்க" என்றான் ஒருவன்.

சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா ஓடிவந்து விலக்கினார்.

"நாளைக்குப் பொரி போட என்னக் கூப்புடாதீங்க. நான் வூட்டுக்குப் போறேன்" என்று அண்ணன் கிளம்பிவிட்டான். அண்ணன் அள்ளிப்போடும் பொரி இல்லாமல் நான் எப்படி அக்கினியைச் சுற்றுவேன்?

பிறகு மாப்பிள்ளை போன் செய்தார். "நீ யாரோட ஃபேன்? உண்மையச் சொல்லு." குரலில் விளையாட்டு இல்லை.

"நான் படமே பாக்கறதில்லீங்க."

"அப்பாடா" என்று சிரித்தார்.

என் போனின் முகப்புப் படத்தை இப்போதுதான் மாற்றினேன். அண்ணனின் நடிகருடைய கட்அவுட்டுக்குக் கீழே, முகமெல்லாம் பால் தெறிக்க, அண்ணனும் நானும் நிற்கிற படம்தான் அதுவரை அதில் இருந்தது.