பிரேக்குக்கு நான் போட்ட சட்டை

மச்சாள்,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். கார்ச் சில்லுக்குள், பிரேக்கின் மேல் பூட்டுகிற அந்தச் சிவப்புப் பிளாஸ்ரிக் கவரை நான் ஒன்றரை வருசமாகக் கடையில் தொங்கவிட்டு விற்றேன். அது வெறும் அழகுக்கு என்று எனக்குத் தெரியாது. சீற்றுக்குக் கவர், ஸ்ரியரிங்குக்குக் கவர், ரீவி ரிமோட்டுக்குக்கூடக் கவர் போடுகிற ஊரில், பிரேக்குக்கும் உப்புக்காற்றுப் படாமல் ஒரு சட்டை வேண்டும்தானே என்று நினைத்தேன். வாங்க வந்தவர்களிடமும் அப்படியே விளக்கம் சொன்னேன். ஒருவராவது மறுத்துப் பேசவில்லை. அவர்களும் என்னைப்போல ஐந்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை மறந்தவர்களோ என்னவோ.

இன்று காலை என் மனுசன், உன் அண்ணன், குசினிக் கூரை ஒழுக்குக்குப் பூச ஒரு சிலிக்கன் பசைக் குழாயைத் திறந்தார். வினாகிரி போல ஒரு மணம் வீடு முழுக்கப் பரவியது. தைத்துக்கொண்டிருந்த சீற்றுக் கவரை மெசினிலேயே விட்டுவிட்டு நான் கடை வாசலுக்கு வந்து நின்றேன். வாசலுக்கு நேரே கல்முனை றோட்டு. அதற்கு அங்கால் ஆற்றுத் துறைக்குப் போகிற ஒழுங்கை. அந்த ஒழுங்கையால்தான் நீ சத்தமில்லாமல் வருவாய்.

முதல் நாள் வந்தது நினைவிருக்கிறதா? முழங்கால் வலியோடு பத்து வருசம் ஸ்கூட்டரில் கர்ப்பிணி வீடுகளுக்கு அலைந்த மருத்துவமாது, ஒரு நாள் முட்டைக் கோது நிறத்தில் சின்ன மின்சாரக் காரோடு வந்து நின்றாய். கட்டாரிலிருந்து உன் புருசன் அனுப்பியதில் வாங்கிய, யாரோ ஓடிக் கழித்த கார். நான் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு தலையைத் தூக்கினால் வாசலில் கார் நிற்கிறது. வந்த சத்தமே இல்லை.

"என்ன கா, களவெடுக்க வந்த பூனை மாதிரி வாறா? புள்ளத்தாச்சிகள் பயத்தில ஒழுங்கையிலேயே பெத்துப்போடுவாளுகள்" என்றேன்.

"அப்பிடிப் பெத்தா எனக்கு வேல மிச்சம். ஏறு மச்சாள், ஒண்டு காட்டுறன்" என்றாய்.

ஒழுங்கையில் கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டு மிதியிலிருந்து காலை எடுத்தாய். பிரேக்கைத் தொடவில்லை. யாரோ பின்னால் நின்று சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்ததுபோல் கார் தானாக மெதுவானது. நீ சிரித்தாய். ஓடுகிற வேகத்தை அது திரும்ப மின்சாரமாக்கிப் பெற்றறிக்குள் போடுகிறது என்று சொன்னாய். றோட்டில் பிரேக்கை மிதிப்பது கிழமைக்கு ஒரு தரம்கூட இல்லை என்றாய்.

"உன்ட அண்ணனுக்கும் இதுல ஒண்டு பூட்ட ஏலுமா? வாய் ஓடத் தொடங்கினா நிக்கிறல்ல."

"அதுக்குத்தானே உன்னக் கட்டி வச்ச."

"மறுகா இந்த மற்ற மிதி என்னத்துக்கு?"

"அது கிடக்கட்டும். பெற்றறி நிறைஞ்சு இரிக்கக்குள்ள இது பிடிக்காது. வயிறு நிறைஞ்ச புள்ளைக்கு இன்னும் ஊட்ட ஏலுமா? கக்கிப்போடும். அந்த நேரத்துக்குத்தான் பிரேக்கு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். காரை எல்லாம் கைக்குழந்தையாக வைத்துப் பேச உன்னால்தான் முடியும். அந்தச் சிரிப்பில், 'அந்த நேரம்' என்ற சொல் எப்படியோ என் காதைத் தாண்டிப் போய்விட்டது.

சீற்றுக் கவர் தைத்து முடித்த அன்று, உனக்கு என் பரிசு என்று நாலு சிவப்புக் கவரையும் எடுத்தேன். "உன்ட காருக்கு லிப்ஸ்ரிக் பூசி விடப்போறன்" என்று சொன்னேன். நீ தலையில் அடித்துக்கொண்டாலும் மறுக்கவில்லை. உன் அண்ணன் ஒவ்வொரு சில்லாகக் கழற்றித் தந்தார். கவரோடு வந்த கம்பிக் கொளுவி பொருந்தாததால் நான் சிலிக்கன் பசையை அள்ளி அப்பினேன். அன்றும் இதே வினாகிரி மணம்தான்.

மச்சாள், உனக்கு ஒருநாளும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். முன்பக்கம், வலது சில்லைக் கழற்றியபோது உள்ளே இருந்த இரும்பு கறள் கட்டிப் பொருக்குப் பொருக்காக இருந்தது. மற்ற மூன்றையும்விட அது மோசம். நான் விரலால் தட்டிப் பார்த்தேன். செம்மண் போலக் கொட்டியது. உன் அண்ணன் அந்த நேரம் சில்லை உருட்டிக்கொண்டு காற்றடிக்கப் போயிருந்தார். நீ உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாய். உன்னைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. இதற்குத்தான் கவர் வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, அந்த இடத்துக்கு மட்டும் பசையை இரண்டு மடங்கு வைத்து மூடினேன். மூடிவிட்டுப் பார்த்தால் புதுக் கார் போல இருந்தது.

அதன் பிறகு நீ கிழமைக்கு மூன்று தரம் பழுகாமத்திலிருந்து வந்து பாதை என்கிற மிதவையில் ஏறி இந்தக் கரைக்கு வருவாய். அந்த இரும்புத் தட்டில் கார், மோட்டார் சைக்கிள், ஆடு, அரிசி மூட்டை எல்லாம் ஒன்றாக ஆற்றைக் கடக்கும். ஆறு என்றாலும் வாவிதானே, காற்றடித்தால் உப்புத் தண்ணீர் சில்லுகளில் தெறிக்கும். கடை வாசலில் நீ காரை நிறுத்தும்போதெல்லாம் வலது முன் சில்லில், சிவப்புக் கவருக்குக் கீழே, கபில நிறத்தில் ஒரு கோடு வடிந்திருக்கும். மூக்குத் தூள் ஒழுகிய கிழவன் மாதிரி இருக்கிறது என்று சொல்லி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிடுவேன். அடுத்த முறை வந்தால் மறுபடியும் கோடு. மறுபடியும் துடைப்பேன். எத்தனை தரம் துடைத்திருப்பேன் என்று தெரியாது. கவர் மட்டும் மங்கவே இல்லை.

பாதை ஓட்டுகிற அண்ணன் ஒருநாள் உன்னோடு கடைக்கு வந்தார். "புள்ள, நீங்க பாதையில ஏறிப் பிரேக்கு மிதிச்சு நிப்பாட்டக்குள்ள கார் இடப்பக்கம் இழுக்குது. ஆருக்கும் காட்டுங்க" என்றார்.

நீ என்னைப் பார்த்தாய். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அது என்ட கடை இரிக்கிற பக்கம் அண்ண. காருக்கு நன்றி இரிக்கி, சட்டை தச்சுத் தந்தவள மறக்கல்ல" என்றேன். அவரும் சிரித்துவிட்டார். நீயும் சிரித்தாய். காட்ட வேண்டும் என்ற பேச்சு அந்தச் சிரிப்போடு போய்விட்டது. என் வாழ்க்கையில் நான் அடித்த பகிடிகளில் அதைப்போல எல்லாரும் சிரித்தது குறைவு.

மாரி வந்தது. ஆறு துறை விளிம்பு வரை ஏறி நின்றது. மட்டக்களப்பில் கூட்டம் முடித்து அப்படியே ஏறாவூருக்கும் போக வேண்டும் என்று நீ பெற்றறியை முழுதாக நிரப்பிக்கொண்டு புறப்பட்டாயாம். துறைக்கு இறங்குகிற இடத்தில் வழக்கம்போல காலை எடுத்திருப்பாய். சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்க அன்று பின்னால் யாரும் இல்லை. வயிறு நிறைந்திருந்தது. அதன் பிறகுதான் மற்ற மிதியை மிதித்திருப்பாய்.

"மிதிச்சவ. கார் ஒரு தரம் குனிஞ்சத நான் கண்டன். உடன இடப்பக்கம் வெட்டிச்சு" என்று பாதை அண்ணன் செத்த வீட்டில் சொன்னார். "விழக்குள்ளயும் காரில ஒரு சத்தம் இல்ல புள்ள. தண்ணிச் சத்தம் மட்டுந்தான்."

உன்னை எடுத்தது அன்று பகல். காரை எடுத்தது அடுத்த நாள். கராஜில் மெக்கானிக் வலது முன் சில்லைக் கழற்றி, கவரைச் சுத்தியலால் தட்டினான். என் பசை விடவில்லை. வெட்டித்தான் எடுத்தான். உள்ளே பிரேக்கு ஒரே கறள் கட்டியாக இறுகிக் கிடந்தது. "வலப்பக்கம் பிடிக்கவே இல்ல. இடது மட்டும் பிடிச்சிரிக்கி, அதான் திரும்பினது" என்றான். "மற்றக் காருக்குப் பிரேக்குத் தேய்ஞ்சு கெடும். இதுக்குத் தேயாமக் கெடும். மிதிச்சு மிதிச்சு ஓடினாக் கறள் நிக்காது. இத மூடினது ஆரு?"

"நான்" என்றேன். கண்டு மூடினேன் என்று சொல்லவில்லை. இரண்டு மாரி போயும் சொல்லவில்லை.

இன்று காலை வாசலில் நின்ற என்னிடம் உன் அண்ணன் பசைக் கையோடு வந்தார். "என்ன, வேலய விட்டுட்டு வந்து நிக்கிறாய்? மழை வரப்போகுது."

"இஞ்சாருங்க. அந்தக் கறள மூடக்குள்ள நான் கண்ட நான்" என்றேன். பகிடி சேர்க்காமல் நான் பேசியது அவருக்கே புதிதாக இருந்திருக்கும்.

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சிலிக்கன் துணியில் போகாது. அது அவருக்கும் தெரியும்.

"சில்லக் கழட்டினது ஆரு? நானுந்தான் கண்டன்" என்றார். "இஞ்ச எந்த இரும்பு கறள் கட்டாம இரிக்கி எண்டு விட்டன். என்ட தங்கச்சிட கார்."

றோட்டால் ஒரு கார் போனது. அதற்கும் சத்தமில்லை. இப்போது இந்த றோட்டில் அந்த மாதிரிக் கார்கள் மாதத்துக்கு மாதம் கூடுகின்றன மச்சாள். நான் முகத்தைப் பார்ப்பதில்லை, சில்லைத்தான் பார்ப்பேன். நான் விற்ற கவர்களில் பலதைத் தேடிப் போய்க் கழற்றிவிட்டேன். சிலது யார் கையில் இருக்கிறது என்று தெரியாது. எங்கோ ஒரு ஆற்றங்கரையில், மழையில், பளபளவென்று சிவப்பாக நிற்கும். அதற்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மின்சாரக் காரில் கடைக்கு வருகிறவர்களை இப்போது நான் சும்மா விடுவதில்லை. ஒழுங்கைக்குக் கூட்டிப் போய், நாலு தரம் பிரேக்கை அழுத்தி மிதிக்க வைத்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பேன். கைப்பைக்குள் உன் பழைய கிளினிக் அட்டை ஒன்றும், ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரும் எப்போதும் இருக்கும். அட்டை ஏன் என்று எனக்கே தெரியாது. மற்றது கவர் கழற்ற.

இன்று எனக்குப் பிரசர் கிளினிக். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போய் வெளியே வந்தால், மதிலோரம் ஒரு வெள்ளை மின்சாரக் கார் நின்றது. நாலு சில்லிலும் சிவப்பு. சேலையைச் சொருகிக்கொண்டு குந்தி, இடுக்குக்குள் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினேன். அசையவில்லை. நல்ல பசை என்று நினைத்து முழுப் பாரத்தையும் கொடுத்தேன்.

"என்னம்மா செய்றீங்க?" கார்க்காரத் தம்பி பின்னால் நின்றார்.

"கவரக் கழட்டுறன் மனே. உங்கட நன்மைக்குத்தான்."

"அது கவர் இல்லம்மா. அதுதான் பிரேக்கு. கொம்பனியில இருந்து வரக்குள்ளயே சிவப்பு."

தட்டிப் பார்த்தேன். இரும்பு. கறள் ஒன்றும் இல்லை. ஸ்குரூ டிரைவரின் முனை உடைந்து உள்ளே நின்றுவிட்டது. அதை எடுக்கச் சில்லைக் கழற்ற வேண்டியிருந்தது. நான் போன் எடுக்க, உன் அண்ணன் ஜக்கை உரப்பையில் சுற்றிக்கொண்டு கல்முனை பஸ்ஸில் வந்து கழற்றிக் கொடுத்தார்.