விமானம் ஓட்டிய பெண்களின் கதை

அன்புள்ள முஸ்கானுக்கு,

உன் படிப்பு பாதியில் நிற்கும் என்று நான் அன்றே கணித்தேன். விழுப்புரத்தில் யாரை வேண்டுமானாலும் கேள்.

திண்டிவனம் வாசகர் வட்டத்தில் நீங்களெல்லாம் பேசிய நாவல், போர்க்காலத்தில் விமானம் ஓட்டிய பெண்களின் கதை, எனக்கும் மனப்பாடம். அட்டையை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து, "நானும் பைலட் ஆவப்போறேன் மாமா" என்றாய். முதலில் கைதட்டியவன் நான்.

துபாயிலிருந்து உன் அத்தா வெள்ளிக்கிழமைதோறும் என்னிடம்தான் ஊர்க்கதை கேட்பார். "புள்ள எங்க போய்க்கினு வருது மச்சான்?" என்றார். வெறும் புத்தகம் என்றால் சப்பென்று இருக்குமே என்று கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். அடுத்த மாதமே உன் நிக்காஹ் முடிந்துவிட்டது.

வளவனூர் மாப்பிள்ளை தங்கமானவர். எட்டு மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை.

வட்டத்தில் ஒரு பையன் தினமும் உன் பக்கத்தில் உட்காருகிறான் என்று அத்தாவிடம் சொன்னேன். அங்கே பையன்களே கிடையாது.

உன் மாமா