கார்மினாவிடம் பேசக் கூடாது

பிப்ரவரி 3, 2016
யார் துணையும் இல்லாமல் எழுதுகிறேன். வயது எழுபத்தொன்று. மீன்பிடிப் படகிலேயே காலம் போயிற்று. போன இலையுதிர்காலத்தில்தான் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் நூலகத்து வகுப்பில் சேர்ந்தேன். ஒரு வரி முடிந்ததும் எழுந்து நின்று பார்க்கிறேன். என்ன அழகு! மகள் இல்டா எட்டிப் பார்த்தாள். “மெதுவாப்பா, மெதுவா. பேனா புகையுது பாருங்க.” அவள் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். இந்தத் துறைமுகத்துப் பிள்ளைகளில் பாதி அவளிடம்தான் வருகிறார்கள்.

பிப்ரவரி 19
ரொட்டிக்கடை கார்மினாவின் மகள் நோயேமி பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். நான்கு வயது. மூளைக்காய்ச்சல்.
நேற்று மாலை கார்மினா போன் செய்தபோது நானும் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். காய்ச்சல், வாந்தி என்றாள். “தண்ணி நெறையக் குடு, காலைல கூட்டிட்டு வா” என்றாள் இல்டா. எல்லோரிடமும் சொல்வதுதானே? காலையில் பிள்ளையால் கழுத்தை வளைக்க முடியவில்லை.

மார்ச் 2
பிழைத்துவிட்டாள். இரண்டு காதும் போய்விட்டன.
கார்மினாவைப் பார்க்க இல்டா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அதற்குள் அவள் டாக்டர் தொழிலுக்குக் காப்பீடு கொடுத்தவர்களின் வக்கீல் போன் செய்தார். பேசிவிட்டு, கோட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.
“போகக் கூடாதாம்ப்பா. மன்னிச்சுக்கோன்னு சொன்னாலே தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். வீட்டாளுங்களும் பேசக் கூடாதாம். எதையும் எழுதி வைக்கவும் கூடாதாம்.”
எழுதக் கூடாதா — நானுமா? இப்போதுதானே கற்றேன்!

மார்ச் 5
வேறு கடையில் ரொட்டி வாங்கினேன்.

ஜூலை 11
கார்மினா எதிரே வந்தாள், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு. நான் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டேன். முதுகுக்குப் பின்னால் அவள் குரல்:
“என்ன மாமா, உங்களுக்குமா காது போச்சு?”
நான் திரும்பவில்லை. சே. என்ன மனுஷன்டா நீ?

நவம்பர் 8
கார்மினா வழக்குப் போட்டுவிட்டாள். இல்டா சாப்பிடவில்லை.
இப்போதெல்லாம் லேசான காய்ச்சலுக்கே பிள்ளைகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறாள். பிள்ளை முகத்தைவிடக் கணினியைப் பார்ப்பதுதான் அதிகம். கேட்டேன். “எல்லாத்தையும் பதிவு பண்ணணும்ப்பா. பதிவுல இல்லன்னா நான் செய்யவே இல்லன்னு ஆயிடும்.”
வீட்டில் எழுதக் கூடாது, அங்கே எழுதாமல் இருக்கக் கூடாது. எழுத்து சந்தோஷமான பொருள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

மே 30, 2018
வழக்கு சமரசத்தில் முடிந்தது. காப்பீட்டுக்காரர்கள் பணம் கொடுப்பார்கள். தப்பு யாருடையது என்று யாரும் சொல்லவில்லை.

ஜூன் 3
இனிப் பேசலாம் என்றார் வக்கீல். இல்டா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ரொட்டிக்கடைக்கு மேலேதான் கார்மினா வீடு. கதவைப் பாதிதான் திறந்தாள்.
“என்ன, வக்கீல் விட்டுட்டாரா?”
“அன்னிக்கே உடனே கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கணும் கார்மினா. தப்பு என்னுது.”
“இத ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லியிருந்தா நான் கோர்ட்டுக்கே போயிருக்க மாட்டேன், டாக்டர். நீங்க வருவீங்கன்னு பக்கத்து நாற்காலில யாரையும் உக்காரவிடாம வெச்சிருந்தேன்.”
முன்பெல்லாம் ‘வாடி இல்டா’ என்றுதான் கூப்பிடுவாள்.
அம்மாவின் பாவாடைக்குப் பின்னாலிருந்து நோயேமி எட்டிப் பார்த்தாள். இல்டாவைக் கண்டதும் தலையை அண்ணாந்து, தொண்டையைக் காட்டுவதற்கு வாயைப் பெரிதாகத் திறந்தாள். நாக்கையும் நீட்டினாள். ‘ஆ’ என்ற சத்தம் மட்டும் வரவில்லை.
இல்டா மண்டியிட்டாள். கையில் விளக்கு இல்லை. ஆனாலும் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். கார்மினா அவளை உள்ளே கூப்பிடவில்லை. பிள்ளையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.